ஐஸ் பெட்டியில் வைத்த போன்

புது போனை எங்கள் கையில் கொடுப்பதற்கு மேனேஜர் ஒரு விழாவே நடத்தினார். யார்டு ஆபீசில் ஏசியை நன்றாகக் குளிர வைத்து, கேட்டில் நிற்கும் எங்கள் நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்துவிட்டு, கை தட்டச் சொன்னார். தட்டினோம். "பன்னிரண்டு ஜிபி ரேம்" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. சொந்தப் பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்திருந்தால்கூட அவ்வளவு உருகியிருக்க மாட்டார். "இனிமே ஸ்லோவா இருக்கு, ஹேங் ஆகுதுன்னு யாரும் என்கிட்ட வரக் கூடாது" என்றார். அந்தப் போனுக்குள் சூட்டைத் தணிப்பதற்கென்றே தனியாக ஓர் அறை இருக்கிறதாம். அதற்குள் சொட்டுத் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி தண்ணீராகி, சூட்டை வாங்கிக்கொண்டு ஓடுமாம். கேட்டில் நிற்கிற எங்களுக்கு வெயிலில் ஒதுங்க ஓர் அறை கிடையாது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. எந்த நேரத்திலும் வந்ததில்லை.

எர்ணாவூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கண்டெய்னர் யார்டு. துறைமுகத்துக்குப் போக வேண்டிய பெட்டிகளை இங்கே அடுக்கி வைப்பார்கள். முறை வரும்போது மிஷின் வந்து தூக்கி ட்ரெய்லரில் வைக்கும். ட்ரெய்லர் வெளிகேட்டுக்கு வரும். அங்கே வரிசைக்கு ஒருத்தராக நான்கு சர்வேயர்கள், அதில் ஒருத்தி நான். ஒவ்வொரு பெட்டியையும் ஆறு படம் எடுக்க வேண்டும். நான்கு பக்கத்துக்கு நான்கு, கதவில் இருக்கும் சீலுக்கு ஒன்று, பெட்டி நம்பருக்கு ஒன்று. எங்கள் கேட்டை விட்டுப் போகும்போது பெட்டி எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. துறைமுகத்தில் போய் பெட்டி நசுங்கியிருக்கிறது என்று புகார் வந்தால் என் படத்தைத் திறந்து பார்ப்பார்கள். படத்தில் நசுங்கல் இருந்தால் தப்பு யார்டுடையது. இல்லையென்றால் வழியில் டிரைவர் எங்கேயோ இடித்துவிட்டான் என்று அர்த்தம். வேறு பேச்சே கிடையாது. ஒரு மனிதன் வண்டி ஓட்டலாமா கூடாதா என்பதை என் கையில் இருக்கும் கண்ணாடித் துண்டு முடிவு செய்யும்.

இதற்கு முன் இருந்த போன் ஒரு சோம்பேறி. ஒரு படம் எடுத்தால் அடுத்த படத்துக்கு முன் கொட்டாவி விடுவது போல நின்று யோசிக்கும். மூன்று ஜிபி, பிளாஸ்டிக் முதுகு, ஓரத்தில் விரிசல், விரிசலின் மேல் நான் ஒட்டிய பிளாஸ்திரி. ஆனால் அக்னி வெயிலிலும் அது ஒரு நாள் நின்றதில்லை. கை சுடும், திரையில் வெளிச்சம் குறையும், படம் மட்டும் வந்துவிடும். அதிகம் ஓடாததால் அதிகம் சூடாகவில்லை. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. மேனேஜர் படித்திருந்தார், அவருக்குப் புரியவில்லை.

புது போனில் படம் கண் சிமிட்டும் நேரத்தில் விழுந்தது. முதல் இரண்டு நாள் எனக்கே கொஞ்சம் திமிர் வந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு மேனேஜர் அதை நிரப்ப ஆரம்பித்தார். படம் ஏற்றும் கேட் ஆப் ஒன்று. முகத்தைக் காட்டி வருகை போடும் ஆப் ஒன்று. நான் எங்கே நிற்கிறேன் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் ஆபீசுக்குப் போட்டுக்கொடுக்கும் ஆப் ஒன்று. டீ குடிக்கப் போனாலும் சொல்லும். அது தவிர மூன்று குரூப்புகள். அவற்றில் காலை வணக்கமும் பூங்கொத்தும் பாதுகாப்பு வார வீடியோவும் வந்து குவியும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், ஏனென்றால் ரேம் பெரிசு. வீடு பெரிசாக இருக்கிறதே என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, புழுங்குகிறது என்று வீட்டைத் திட்டுகிற ஜென்மங்களைப் பார்த்திருக்கிறேன். இவர் அந்த ஜாதி.

மதியம் கேட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே கான்கிரீட், இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள், எதிரே ட்ரெய்லர் இன்ஜினின் அனல். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதன் காற்று எங்கள் பக்கம் வருவதற்குள் நிலக்கரித் தூளை அள்ளிக்கொண்டு வரும். அந்த வெயிலில் போன் பத்தாவது பெட்டிக்கே திணறும். முதலில் வேகம் குறையும். இதற்காகவா உன்னை வாங்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். பிறகு திரை மங்கும். கடைசியில் அறிவிப்பு வரும்: "போன் மிகவும் சூடாக உள்ளது. கேமரா மூடப்படுகிறது." என்ன மரியாதை, என்ன பண்பு! நானும் அப்படி ஓர் அறிவிப்பை நெற்றியில் காட்டிவிட்டு மூடிக்கொண்டால் மேனேஜர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்ப்பேன்.

போய்ச் சொன்னேன். அவர் தன் போனைக் காட்டினார். அதன் முதுகில் கிளிப் போட்டு மாட்டிய குட்டி ஃபேன் ஒன்று பச்சை விளக்கோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஏசி அறைக்குள், குஷன் நாற்காலியில் உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பதற்கு! எங்களுக்கு ஃபேன் இல்லை. அதற்குப் பதிலாக இன்னொரு ஆப் போட்டுவிட்டார். ராக்கெட் படம் போட்ட ஆப். "அரை மணிக்கு ஒரு தடவை இத அமுக்குங்க, ரேம் கிளீன் ஆயிடும், போன் கூல் ஆயிடும்" என்றார். அமுக்கினால் ராக்கெட் புகை விட்டுக்கொண்டு மேலே போகும். பிறகு திறந்திருந்த எல்லாவற்றையும் மூடும். படம் ஏற்றிக்கொண்டிருந்த கேட் ஆப்பையும் சேர்த்து மூடிவிடும். ஏறிக்கொண்டிருந்த படங்கள் பாதியில் தொங்கும். அதைத் திறந்து, மறுபடி லாகின் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். மற்ற ஆப்புகளும் விடுமா? ஒவ்வொன்றாய் எழுந்து வந்து உட்காரும். அதில் போன் இன்னும் சூடாகும். இதையும் போய்ச் சொன்னேன். "மேடம், நீங்க சர்வேயர். ஐடி டிபார்ட்மென்ட் இல்ல" என்றார். அன்றிலிருந்து எனக்கு ராக்கெட் என்றாலே வெறுப்பு.

அவரை மட்டும் சொல்லி என்ன? கேட்டில் இருந்தவர்கள் அவரை விட மேதைகள். ஒருத்தர் போனை ஈரத் துண்டில் சுற்றினார். ஒருத்தர் தண்ணீர் பாட்டிலோடு கட்டி வைத்தார். எங்கள் பேட்டை ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரே இடத்துக்குத்தான் போவார்கள், ஐஸ் பெட்டிக்கு.

நான் காசிமேட்டில் பிறந்தவள். எங்கள் பக்கம் ஐஸ் என்பது சர்வரோக நிவாரணி. மீன் கெடாமல் இருக்க ஐஸ். காய்ச்சலுக்கு ஐஸ். கால் பிசகினால் ஐஸ். கல்யாண வீட்டில் கலர் சோடாவுக்கு ஐஸ், சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை கட்டிலுக்கு அடியில் பாளம் பாளமாய் ஐஸ். கடலுக்குப் போகிறவர்கள் வெயிலில் போன் காய்ந்தால் கவரில் போட்டு மீன் மேல் வைத்துவிடுவார்கள். எடுத்தவுடன் போன் ஜோராக வேலை செய்யும். அதில்தான் ஏமாந்து போகிறார்கள். குளிர்ந்து கிடந்த போனை உப்புக் காற்றில் எடுத்தால், சோடா பாட்டிலுக்கு வெளியே வேர்ப்பதுபோல அதற்கு உள்ளே வேர்க்கும். இரண்டு நாளோ மூன்று நாளோ, கதை முடிந்துவிடும். என் அண்ணன் மட்டுமே இரண்டு போனை அப்படிக் கொன்றிருக்கிறான். "போனு இன்னா வஞ்சிரமா, ஐஸ்ல போட? மூள கீதா உனக்கு?" என்று அவனை வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அண்ணி சிரித்தாள். அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கேட்டில் டிரைவர்களிடமும் இதே பிரசங்கத்தை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு எனக்கு.

எங்கள் வெளிகேட்டுக்கு எதிரே, ட்ரெய்லர்கள் வரிசையில் நிற்கிற இடத்தில், மீன்கார அக்கா ஒருத்தி தெர்மாகோல் பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். வரிசையில் ஒரு நாள், இரண்டு நாள் காத்துக் கிடக்கும் டிரைவர்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். அவர்களுக்கு மீன் விற்பது அவள் தொழில். ட்ரெய்லரின் நிழல் நகர நகர அவளும் பெட்டியோடு நகர்வாள்.

ஒரு நாள் காலையிலிருந்தே சிஸ்டம் படுத்துக் கிடந்து, பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்தது. உள்ளே இருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டுக்கு வந்தன. ஐந்தாவதோ ஆறாவதோ வந்தது எனக்குத் தெரிந்த ஒரு டிரைவரின் வண்டி. ஐம்பது தாண்டியவர், எங்கள் பேட்டைக்காரர், முன்பு படகில் போய்க்கொண்டிருந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். மற்றவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் மட்டும் இறங்கி வந்து பெட்டியை ஒரு சுற்றுப் பார்ப்பார். அன்றைக்கு இடது பக்கம் கையை வைத்துக் காட்டினார். தகடு உள்ளே போய், ஒரு ஆள் முதுகைச் சாய்த்து உட்காரலாம் போல ஒரு பள்ளம்.

"தங்கச்சி, இத்த நல்லாப் புடி. உங்க மிஷின்காரன் தூக்கசொல்லோ இட்ச்சிகீறான். அப்பால என் தலையில கட்டிருவானுங்கோ."

"நான் எதுக்குண்ணா நிக்கிறேன்" என்றேன், பெரிய இவள் மாதிரி. பள்ளத்தைக் கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று எடுத்தேன். முன்பக்கம் எடுத்தேன், வலது பக்கம் எடுத்தேன். கதவுப் பக்கம் போனபோது அறிவிப்பு வந்தது. கேமரா மூடிக்கொண்டது.

ஆறு படமும் இருந்தால்தான் ஆப் அந்த வண்டியின் கணக்கை முடித்து ஆபீசுக்கு அனுப்பும். அதுவரை எடுத்ததெல்லாம் போனுக்குள்ளேயே கிடக்கும். பின்னால் ஹாரன். வாக்கி டாக்கியில் மேனேஜர்: "என்னம்மா நடக்குது அங்க? வண்டிய விடுங்க, மீதிய அப்புறம் ஏத்திக்கலாம்." இது வழக்கம்தான். குறைகிற படத்துக்கு ஏதாவது ஒரு கதவை எங்கேயிருந்தாவது எடுத்து ஒட்டுவார்கள்.

"எட்த்துட்டியா தங்கச்சி?" என்று கேபினிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"பள்ளம் படத்துல வந்துடுச்சிண்ணா. நீங்க போங்க."

அவர் போய்விட்டார். அடுத்த வண்டி வந்து நின்றது. போன் ஆறவில்லை. ராக்கெட்டை அமுக்கினேன், அது மேலே போனது, போன் இன்னும் சுட்டது. புடவைத் தலைப்பால் விசிறினேன். வரிசை உள்ளே மிஷின் நிற்கிற இடம் வரை போய்விட்டது என்று செக்யூரிட்டி கத்தினார். மேனேஜர் கத்தினார். வெயில் தலைக்குள் இறங்கி எனக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கால் தானாக ரோட்டைத் தாண்டியது.

"யக்கா, பொட்டியக் கொஞ்சம் தொற."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். மீன் கட்டுகிற கவர் ஒன்றை எடுத்து, போனை அதில் போட்டு, சுருட்டி, சங்கரா மீனை ஒதுக்கி இடம் பண்ணி ஐஸ் தூளின் மேல் வைத்தாள். மூடியை மூடினாள். எத்தனையோ போனை வைத்துப் பழகிய கை.

பத்து நிமிஷத்தில் எடுத்தேன். கேமரா திறந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணாவின் வண்டிக் கணக்கைக் கூட்டம் குறைந்ததும் முடித்துக்கொள்ளலாம் என்று, விறுவிறுவென்று அடுத்த இரண்டு வண்டி முடித்தேன். மூன்றாவது வண்டியில் படம் முழுக்கப் புகை. லென்சைத் துடைத்தேன். புகை போகவில்லை, அது உள்ளே இருந்தது. பிறகு திரையில் பச்சைக் கோடு ஒன்று விழுந்தது. பிறகு எல்லாம் கறுப்பு. அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். சார்ஜ் இல்லை போல என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு, செக்யூரிட்டி அறையில் போய் சார்ஜரில் மாட்டினேன். ஒரு நாற்றம் வந்தது. அவ்வளவுதான்.

மாலையில் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு ரிப்பேர்க் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் போனைத் திறக்கவே இல்லை. மூக்கருகே கொண்டு போனார்.

"ஐஸா?"

நான் மேஜை மேல் சிதறிக் கிடந்த திருகாணிகளைப் பார்த்தேன்.

"சார்ஜ் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப முட்ச்சிட்டீங்க." பிறகு திறந்து, பூதக்கண்ணாடி வழியே என்னையும் பார்க்கச் சொன்னார். பச்சைப் பலகையின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது, நடுவில் கருகல். அதில் இருக்கும் படம் மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். "கரிஞ்சதே படம் இருக்குற சிப்புதான். போனா போனதுதான்" என்றார். எனக்குப் பின்னால் கவரில் சுற்றிய போனோடு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நிலையிலும் எனக்கு அவர்கள் மேல் இளக்காரம் போகவில்லை.

மறுநாள் போனை நன்றாகத் துடைத்து, கொஞ்சம் பவுடர்கூடப் போட்டு, மேனேஜரிடம் கொடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "சூடா?" என்றார். தலையாட்டினேன். அதே மாதிரி இன்னொரு போன் கைக்கு வந்தது, ராக்கெட்டோடு.

இரண்டு நாள் கழித்து துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த நம்பர் பெட்டியில் இடது பக்கம் பெரிய நசுங்கல், வெளிகேட் படம் அனுப்பவும். படம் இல்லை என்று தெரிந்ததும் மேனேஜர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். படம் இல்லையென்றால் யார்டு மேல் பழி இல்லை. டிரைவரின் கேட் பாஸை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் அவர் இடித்தார் என்று முடிவானால் எங்கள் யார்டு மட்டுமில்லை, இங்கிருந்து அத்திப்பட்டு வரை ஒரு கேட்டும் அவரை உள்ளே விடாது. அந்த வயதில் வேறு யார் அவரை நம்பி ட்ரெய்லரைக் கொடுப்பார்கள்?

மேனேஜர் ஒரு தாளை அச்சடித்து என் முன் வைத்தார். கடும் வெப்பத்தால் போன் செயலிழந்ததால் படம் எடுக்க இயலவில்லை, பெட்டியில் சேதம் எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை, இப்படிக்கு. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பள்ளம் இருந்துச்சு சார். நான் பார்த்தேன்."

"படம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப பள்ளம் இல்ல மேடம்."

நான் பேனாவை எடுக்கவில்லை. அவர் மேஜை டிராயரைத் திறந்து செத்துப்போன போனை எடுத்து மேலே வைத்தார். "சூட்டுல போச்சுன்னு நான் எழுதிக்கிறேன். இல்ல, எப்படிப் போச்சுன்னு சர்வீஸ் சென்டர்ல திறந்து பார்க்கச் சொல்லணும்னாலும் சொல்றேன். கம்பெனி பொருள். உங்க இஷ்டம்" என்றார். பவுடர் வாசனையையும் தாண்டி அந்தப் போனிலிருந்து சங்கரா வாசனை வந்துகொண்டிருந்தது. மனுஷன் ஐடி டிபார்ட்மென்ட் இல்லாவிட்டாலும் மூக்கு நன்றாக வேலை செய்தது.

கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் முழுவதும் எல்லோரையும் திட்டினேன். மேனேஜரை, ராக்கெட்டை, போனுக்குள் அறை கட்டியவனை, அதை விளம்பரத்தில் பனிமலை மேல் நிறுத்திக் காட்டியவனை. இருபது நிமிஷம் வெயிலில் நிற்க முடியாத ஒரு பொருளை இந்த ஊரில் விற்கிறார்களே, வெட்கமில்லையா என்று வீட்டில் கத்தினேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடமும் ஐஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. கத்துகிற வரைக்கும் வேறு எதையும் யோசிக்காமல் இருக்க முடிந்தது.

வியாழக்கிழமை மதியம் டிரைவர் வந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் மீன்கார அக்காவுக்குப் பக்கத்தில், ட்ரெய்லர் நிழலில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"போனு சூடாயி நின்னுகிச்சாமே" என்றார். "நீ இன்னா பண்ணுவ தங்கச்சி. வெயிலு அப்டி கீது. நானும் ஓனராண்ட சொல்லிப் பாத்தேன், அந்தப் பொண்ணு புடிச்சிச்சு சார், போனுதான் பேஜாரு பண்ணிட்ச்சின்னு. அவுரு கேக்கல." பிறகு என்மேல் அக்கறையாக, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அட்த்த தபா சூடாச்சின்னா ஒரு கவர்ல சுத்தி ஐஸு மேல வச்சிடு. போட்ல நாங்கோ அப்டித்தான் பண்ணுவோம். ஒண்ணும் ஆவாது."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மீன் மேல் உட்காராத ஈயை ஓட்ட ஆரம்பித்தாள்.

இந்த மனுஷன் பிழைப்பைப் பறித்துவிட்டு நான் ஊரையெல்லாம் கேவலமாகப் பேசிக்கொண்டு திரிந்தேன். அண்ணனை மூளை இருக்கிறதா என்று கேட்டவள். அவன் கொன்றது சொந்தப் போனை. மேனேஜர் கெட்டவர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்த கையெழுத்து அவருடையது இல்லை. அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த அருவருப்பு அதற்கு முன்பும் பின்பும் யார்மேலும் வந்ததில்லை.

பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, அக்காவின் பெட்டி மூடி மேல் வைத்து எழுதினேன். பெட்டி எங்கள் கேட்டை விட்டுப் போகும்போதே இடது பக்கம் நசுங்கியிருந்தது. அதை நான் இரண்டு படம் எடுத்தேன். வண்டி போன பிறகு போனை ஐஸ் பெட்டியில் வைத்து, அதற்குமேல் சார்ஜரிலும் மாட்டி, படத்தோடு கெடுத்தது நான்தான். முன்பு போட்ட கையெழுத்து பொய். தேதி, பெயர், கையெழுத்து. அவரிடம் நீட்டினேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஐஸ் என்ற இடத்தில் விரல் நின்றது. மேலே போய் மறுபடி படித்தார். அக்கா ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "வெறும் பேப்பரு பத்தாது. ஓனரு குரூப்புல போடச் சொல்வாரு. போட்டோ புடிச்சிப் போடுங்க மேடம்."

போனை எடுத்தேன். "போன் மிகவும் சூடாக உள்ளது. கேமரா மூடப்படுகிறது."

அக்கா பழக்க தோஷத்தில் பெட்டி மூடியைத் தூக்கினாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடினாள்.

போனை அணைத்தேன். ராக்கெட், முகம் பார்க்கிற ஆப், நான் நிற்கிற இடத்தைச் சொல்கிற ஆப் எல்லாம் சேர்ந்து அணைந்தன. ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில், நிழலில், தரையில் வைத்தேன். கேட்டில் வண்டிகள் சேர்ந்தன. ஹாரன் அடித்தார்கள். இடுப்பில் வாக்கி டாக்கி, "என்னம்மா நடக்குது அங்க?" என்றது.

"சூடு சார்" என்றேன். "ஆறட்டும்."

கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் போன் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். கொஞ்சம் நிழல், கொஞ்சம் நேரம், தொந்தரவு பண்ணாமல் இருக்க யாராவது ஒருத்தர். ஆறியதும் திறந்து, தாளைப் படம் எடுத்து, மேனேஜரும் டிரைவரின் ஓனரும் துறைமுகத்து ஆட்களும் இருக்கிற குரூப்பில் போட்டேன். காலை வணக்கப் பூங்கொத்துக்குக் கீழே அது போய் உட்கார்ந்தது.

விசாரணையில் டிரைவர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த வெயிலில் நிற்க வேறு ஆள் கிடைக்காது என்று மேனேஜருக்குத் தெரியும். ஆனால் தண்டனை கொடுக்காமல் விடுவாரா? எல்லோர் முன்னாலும் புது போனைப் பிடுங்கிக்கொண்டு பழையதைக் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் முதுகு, ஓரத்தில் விரிசல், என் பிளாஸ்திரிகூட அப்படியே இருந்தது. மற்ற மூன்று பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இப்போது மதியமானால் அவர்கள் வரிசையில் கேமரா மூடிக்கொள்கிறது, வண்டிகள் என் பக்கம் வருகின்றன. இதைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த டிரைவரும் வருகிறார். முன்பு போலவே இறங்கி, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கேயாவது கீறல் இருந்தால் கை வைத்துக் காட்டுகிறார். பழைய போன் மெதுவானது, ஆறு படத்துக்கும் நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் அவர் தள்ளி நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசிப் படம் ஏறியதும், தன் கண்ணாலேயே திரையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார்.

"ஆச்சிங்களா மேடம்?" என்று கேட்கிறார்.

ஆச்சு என்கிறேன். அண்ணா என்ற வார்த்தை வாய் வரைக்கும் வருகிறது. சொல்வதில்லை.